தூதரைச் சட்டம் தொடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தூதர்களுக்கும் தூதரகங்களுக்கும் உள்ள சட்ட விலக்கு பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நீல நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்று என் ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. வலது கையில் எலும்பு முறிவு. "அது தூதரக வண்டி, கேஸ் நிற்காது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போ" என்கிறார்கள். உண்மையா? – வாசகி, தாம்பரம்

உண்மை இல்லை. அப்படிச் சொன்னவர்கள் டெல்லியையும் சென்னையையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். தூதரகம் இருப்பது டெல்லியில். சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள். தூதரகங்களுக்கு 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை பொருந்தும். துணைத் தூதரகங்களுக்கு 1963-இல் அதே ஊரில் உருவான இன்னொரு உடன்படிக்கை. இந்த இரண்டாவது தரும் பாதுகாப்பு ரொம்பவே மெல்லியது.

நம்பர் பிளேட்டை நினைவுபடுத்திப் பாருங்கள். நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து இருக்கும். சி.டி. என்றால் தூதரக வண்டி, சி.சி. என்றால் துணைத் தூதரக வண்டி, யு.என். என்றால் ஐ.நா. அமைப்பின் வண்டி. எழுத்துக்கு முன்னால் வரும் எண் நாட்டின் குறியீடு. சென்னையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சி.சி.யாகத்தான் இருக்கும்.

அடுத்து, வண்டியை ஓட்டியது யார்? உள்ளூர் டிரைவர் என்றால் பேச்சே இல்லை. இந்தியக் குடிமகனான டிரைவர் எந்தக் கம்பெனி டிரைவரையும் போலத்தான் வழக்கைச் சந்திக்க வேண்டும். ஓட்டியவர் வெளிநாட்டு அதிகாரி என்றால் குற்ற வழக்கில் கொஞ்சம் சிக்கல் உண்டு, இழப்பீட்டில் இல்லை. வாகன விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கில் விலக்கு கிடையாது என்று 1963 உடன்படிக்கையின் 43-ஆம் பிரிவே சொல்கிறது. நாட்டின் சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்கிறது 56-ஆம் பிரிவு.

ஆகவே வழக்கமான வழியிலேயே போங்கள். மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவாகியிருக்கிறதா, அதில் வண்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விலக்கு என்பது கைதையும் நீதிமன்ற விசாரணையையும் தடுக்கலாம். புகாரைப் பதிவு செய்வதைத் தடுக்காது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வண்டியின் நிறம் பார்ப்பதில்லை. எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவ பில்கள், சம்பளச் சான்று ஆகியவற்றோடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. எதிர்மனுதாரராக இன்ஷூரன்ஸ் கம்பெனியை மறக்காமல் சேருங்கள். பணம் அங்கிருந்துதான் வரப்போகிறது. கார் சொந்தக்காரர் எந்த நாடு என்பது அந்தக் கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல.

பாலிசி எண் தர மறுத்தால் வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளைச் செயலகத்துக்கும், தமிழ்நாடு அரசின் பொதுத் துறையில் உள்ள புரோட்டோகால் பிரிவுக்கும் எஃப்.ஐ.ஆர். நகலோடு கடிதம் எழுதுங்கள். எந்தத் துணைத் தூதரகமும் இந்தக் கடிதத்தை விரும்பாது. அதனாலேயே இது வேலை செய்யும்.

தெருவோரத்தில் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு "பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். அந்தத் துண்டுச் சீட்டு தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

கேள்வி: தூதரகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்குமே முழு விலக்கு உண்டா? – வாசகர், திருச்சி

கிடையாது. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும்.

மேல் படியில் தூதரும் தூதரக அதிகாரிகளும். கைது கூடாது, குற்ற வழக்கு கூடாது, சாட்சி சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. சிவில் வழக்கிலும் விலக்கு உண்டு. ஆனால் மூன்று விஷயங்களில் இல்லை: சொந்த நிலம் வீடு பற்றிய வழக்கு, வாரிசுரிமை வழக்கு, வேலைக்கு அப்பால் சொந்தமாகச் செய்யும் தொழில் அல்லது வணிகம் பற்றிய வழக்கு. இந்த மூன்றாவதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். அவரோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருக்கும் இதே பாதுகாப்பு.

அடுத்த படி நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்கள். குற்ற வழக்கில் முழு விலக்கு, சிவில் வழக்கில் அலுவல் காரியங்களுக்கு மட்டும். அதற்குக் கீழே சேவைப் பணியாளர்கள். இவர்களுக்கு அலுவல் காரியங்களுக்கு மட்டும்தான். தூதரின் வீட்டு வேலைக்காரருக்குச் சம்பளத்தின் மீதான வரி விலக்கைத் தவிர உரிமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

துணைத் தூதரக அதிகாரியைக் கடுங்குற்றத்துக்கு, நீதிமன்ற ஆணை இருந்தால், விசாரணைக்கு முன்பேகூடக் கைது செய்யலாம். அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் குற்ற விலக்கு இல்லை. ஊரில் தொழிலதிபர்கள் சிலர் 'கௌரவத் தூதர்' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அவர்களுக்கு அந்தப் பதவி சார்ந்து செய்யும் காரியங்களுக்கு மட்டுமே விலக்கு. குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் மற்றவர்களைப் போலத்தான்.

கேள்வி: 2009-இல் இங்கே ருமேனியத் தூதரக அதிகாரியின் கார் மோதி ஒருவர் இறந்தார். அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். இப்படித் தப்பித்துக்கொள்ளத்தான் இந்தச் சட்டமா? – வாசகர், சிங்கப்பூர்

அந்த வழக்கை முழுதாகப் பார்த்தால் பதில் அதிலேயே கிடைக்கும். 2009 டிசம்பர் 15 அதிகாலையில் புக்கிட் பாஞ்சாங்கில் ருமேனியத் தூதரகக் கார் பாதசாரிகள் மூன்று பேர் மீது மோதிவிட்டு நிற்காமல் போனது. ஒருவர் பிறகு இறந்தார். தூதரகப் பொறுப்பாளரான சில்வியு இயோனெஸ்கு, கார் திருடு போய்விட்டது என்று புகார் கொடுத்தார். மூன்றாம் நாள் நாட்டை விட்டுப் போனார். சிங்கப்பூரால் தடுக்க முடியவில்லை.

ஆனால் சிங்கப்பூர் அதோடு விடவில்லை. 2010-இல் மரண விசாரணையை வெளிப்படையாக நடத்தியது. காரை ஓட்டியது இயோனெஸ்குதான் என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்த ஆவணங்கள் ருமேனியாவின் கைக்குப் போயின. புக்கரெஸ்டில் வழக்கு நடந்து அவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டானது. 2014 டிசம்பரில் தண்டனைக் காலத்திலேயே இறந்துபோனார்.

1961 உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு என்று ஒன்று உண்டு. பணிபுரியும் நாட்டில் விலக்கு இருந்தாலும் சொந்த நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்கிறது அது. சொந்த நாடு வழக்குப் போட வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். அதைச் சேகரிப்பது சம்பவம் நடந்த நாட்டின் வேலை. பல அரசுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. "விலக்கு உண்டு" என்றதுமே போலீஸ் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறது. ரத்த மாதிரி, கேமரா பதிவு, சாட்சி வாக்குமூலம் எதுவும் இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்த நாடு "ஆதாரம் அனுப்புங்கள்" என்று கேட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை.

இன்னொரு வழி, அந்த நாடே விலக்கை விட்டுக்கொடுப்பது. 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி குடிபோதையில் கார் ஓட்டி 16 வயதுப் பெண் இறந்தார். ஜார்ஜிய அதிபர் ஷெவர்ட்நாட்சே விலக்கை விட்டுக்கொடுத்தார். அமெரிக்க நீதிமன்றம் 7 முதல் 21 ஆண்டு வரை சிறை விதித்தது. விட்டுக்கொடுக்க முடியுமா முடியாதா என்று அந்த அதிகாரியை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. விலக்கு அவருடைய சொத்து அல்ல, அவரை அனுப்பிய அரசின் சொத்து. "எனக்கு விலக்கு வேண்டாம், வழக்கைச் சந்திக்கிறேன்" என்று தூதரே முன்வந்தாலும் அவர் அரசு சம்மதிக்காமல் செல்லாது.

கேள்வி: எங்கள் மாவட்ட மீனவர் ஒருவரையும் கொல்லம் மீனவர் ஒருவரையும் இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள். அந்த நேரத்தில் இத்தாலியத் தூதரையே உச்ச நீதிமன்றம் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று தடுத்ததே, அது சரியா? வீரர்களுக்கும் தூதருக்கான விலக்குதானா? – வாசகர், குளச்சல்

இரண்டும் வேறு வேறு முடிச்சுகள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

2012 பிப்ரவரி 15 அன்று 'என்ரிகா லெக்ஸி' என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். வீரர்கள் இருவர் கைதானார்கள். 2013 பிப்ரவரியில் இத்தாலியில் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று தூதர் டேனியல் மான்சினி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அதை நம்பி உச்ச நீதிமன்றம் நான்கு வாரம் அவகாசம் கொடுத்தது. மார்ச் 11 அன்று இத்தாலி கையை விரித்தது, வீரர்கள் வரமாட்டார்கள் என்று. மார்ச் 14 அன்று நீதிமன்றம், தன் அனுமதியின்றித் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்றது. விமான நிலையங்களுக்குத் தகவல் போனது. மார்ச் 22 அன்று வீரர்கள் டெல்லியில் வந்து இறங்கினார்கள். நாலு நாள் கழித்து, அவர்களைத் திருப்பி அனுப்பியதை ஏற்க முடியாமல் இத்தாலிய வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார்.

பலன் கிடைத்தது, சரி. சட்டம்? தூதர் தானாக நீதிமன்றத்துக்கு வந்து வாக்குக் கொடுத்ததால் விலக்கை இழந்துவிட்டார் என்பது நீதிமன்றத்தின் பார்வை. 1961 உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவில் இதற்குப் பாதி ஆதாரம்தான் உண்டு. தூதரே வழக்குத் தொடுத்தால், அதோடு நேரடித் தொடர்புள்ள எதிர்வழக்கில் விலக்குக் கேட்க முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் விலக்கை விட்டுக்கொடுப்பது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எந்த வகையிலும் தூதரைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது 29-ஆம் பிரிவு. ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதும் ஒரு வகைப் பிடித்து வைத்தல்தான். ஏமாற்றப்பட்ட நீதிமன்றத்தின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த உத்தரவு இத்தாலி பின்வாங்கியதால் பிழைத்தது என்பதே எங்கள் கருத்து. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போயிருந்தால் தாங்கியிருக்காது. இன்னொரு வேடிக்கை: இந்தியா தன் கையில் இருந்த சட்டபூர்வமான ஆயுதத்தை, அதாவது 'விரும்பத்தகாத நபர்' என்று அறிவித்து வெளியேற்றுவதை, பயன்படுத்தியிருந்தால் மான்சினி நிம்மதியாக விமானம் ஏறியிருப்பார்.

வீரர்கள் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் தூதர்கள் அல்ல. ஒரு நாட்டின் அதிகாரி, அந்த நாட்டின் சார்பில் செய்த காரியத்துக்காக வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்க வேண்டுமா என்பது அங்கே கேள்வி. ஹேக் நடுவர் மன்றம் 2020 மே மாதம் 3-க்கு 2 என்ற கணக்கில் வேண்டாம் என்றது. அதே நேரம் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது: இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இத்தாலியே விசாரிக்கும் என்று சொன்ன குற்ற வழக்கும் 2022-இல் ரோமில் முடித்து வைக்கப்பட்டது. சிங்கப்பூர் வாசகருக்கு நாம் சொன்ன 'சொந்த நாட்டு வழக்கு' எப்போதும் தண்டனையில் முடியும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறோம்.

கேள்வி: அண்ணா மேம்பாலத்துக்கு அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் அமெரிக்க மண் என்கிறார்களே? – பள்ளி மாணவர், செங்கல்பட்டு

அது சென்னை மண்தான் தம்பி. உள்ளே குற்றம் நடந்தால் அது சென்னையில் நடந்த குற்றம். உள்ளே குழந்தை பிறந்தால் அந்தக் காரணத்துக்காக மட்டும் அது அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடாது. போலீஸ் அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது என்பது மட்டுமே விலக்கு. அதிலும் ஒரு வித்தியாசம். துணைத் தூதரகத்தில் தீப்பிடித்தால், தலைவரின் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி உள்ளே போகலாம். டெல்லித் தூதரகத்தில் அதற்கும் தூதர் "வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். 1961 உடன்படிக்கையில் தீக்கென்று தனிச் சலுகை எழுதப்படவில்லை.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு ஓர் உதாரணம். 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டார். சவூதியின் சம்மதம் பெற்றுத் துருக்கிப் போலீஸ் உள்ளே நுழைந்தது 15-ஆம் தேதி. 13 நாளில் எத்தனை முறை தரையைத் துடைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: தூதரகப் பையைச் சோதிக்கவே கூடாதா? – வாசகர், மதுரை

தூதரகத்துக்கும் அதன் அரசுக்கும் நடுவே அலுவல் ஆவணங்களும் பொருள்களும் போய்வரும் பைதான் தூதரகப் பை. அதைத் திறக்கவும் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது என்கிறது 1961 உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு. அளவுக்கு வரம்பு கிடையாது. கைப்பையும் பைதான், கன்டெய்னரும் பைதான். ஆனால் தூதரகப் பை என்று வெளியே தெளிவாக அடையாளம் இருக்க வேண்டும். 1984 ஜூலையில் நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமரு டிக்கோவை லண்டனில் கடத்தி, மயக்க ஊசி போட்டு, பெட்டிக்குள் வைத்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியில் முறையான அடையாளம் இல்லை. சுங்க அதிகாரிகள் திறந்தார்கள், உயிரோடு மீட்டார்கள். கடத்தியவர்கள் ஒழுங்காகச் சீட்டு ஒட்டியிருந்தால் அந்த அதிகாரிகளின் கை கட்டப்பட்டிருக்கும்.

துணைத் தூதரகப் பை இன்னும் பலவீனமானது. சந்தேகம் வந்தால் திறந்து காட்டச் சொல்லலாம், மறுத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம்.

கேள்வி: என் தங்கைக்கு அமெரிக்காவில் ஒரு தூதரக அதிகாரி வீட்டில் வேலைக்கு விசா வந்திருக்கிறது. சம்பளம் தராவிட்டால் யாரைக் கேட்பது? – வாசகி, நாகப்பட்டினம்

கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, நல்லது. அந்த விசாவின் பெயர் ஏ-3. இதற்கு இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டாயம். மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விடுப்பு, போய்வரும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். தங்கைக்குப் புரியும் மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். பாஸ்போர்ட் தங்கையிடம்தான் இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் தங்கையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் வர வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தது பிறகு நிரூபிக்க முடியாத பணம். ஒப்பந்தத்தைப் படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, விசாவுக்குக் காட்டிய ஒப்பந்தம் ஒன்று, ஊரில் ரகசியமாக இன்னொன்று என்று யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே 2013 டிசம்பர் 12 அன்று கைதானது இதற்காகத்தான். விசாப் படிவத்தில் மணிக்கு 9.75 டாலர் என்று காட்டிவிட்டு, இரண்டாவது ஒப்பந்தத்தில் மாதம் 30,000 ரூபாய், அதாவது மணிக்குச் சுமார் 3.31 டாலர் என்று எழுதியதாக அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது. அவர் அதை மறுத்தார்.

அவரைக் கைது செய்ய முடிந்தது ஏன்? அவர் பணி துணைத் தூதரகத்தில். வீட்டு வேலைக்காரரின் சம்பளம் அலுவல் காரியம் அல்ல. பிறகு இந்தியா அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றியது, 2014 ஜனவரி 8 அன்று முழு விலக்கு வந்தது. மறுநாள் குற்றப்பத்திரிகை. அந்த நாளில் அவருக்கு விலக்கு இருந்தது என்று சொல்லி மார்ச் 12 அன்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அதற்குள் அவர் இந்தியா வந்துவிட்டார். விலக்கு போன பிறகு தாக்கல் செய்தால் தடையில்லை என்பதால் இரண்டே நாளில் அதே குற்றச்சாட்டுகளோடு புதிய குற்றப்பத்திரிகை வந்தது. ஒரு பதவி மாற்ற உத்தரவு சட்டத்தை எப்படித் திருப்பிப் போடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. தங்கையின் முதலாளி தூதரகமா, துணைத் தூதரகமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தூதரகம் என்றாலும் கதவு அடியோடு மூடவில்லை. முதலாளியின் பதவிக் காலம் முடிந்தபின் அலுவல் காரியங்களுக்கு மட்டுமே விலக்கு நீடிக்கும். வீட்டு வேலை அதில் சேராது என்று 2010-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு குவைத் அதிகாரியின் வழக்கில் சொன்னது. வழக்குப் போட்டவர் இந்தியப் பெண். பிரிட்டனில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கொத்தடிமை போல வைத்துச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது 'சொந்த வணிகம்' என்ற மூன்றாவது விதிவிலக்கில் வரும், ஆகவே பதவியில் இருக்கும்போதே வழக்குப் போடலாம் என்றது. அதுவும் 3-க்கு 2 தான். சாதாரணச் சம்பளத் தகராறுக்கு இது பொருந்தாது. வெளியே விடாமல், பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்தால் பொருந்தும்.

கேள்வி: அடையாறில் எங்கள் வீட்டை ஒரு துணைத் தூதரகம் வாடகைக்குக் கேட்கிறது. காலி செய்யாவிட்டால் என்ன செய்வது? – வாசகர், சென்னை

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அதிகாரியா, நாடா? இதை முதலில் கேளுங்கள். அதிகாரி தன் சொந்தப் பெயரில் எடுத்தால் உங்கள் நிலைமை பரவாயில்லை. தன் நாட்டின் பிரதிநிதியாக அல்லாமல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் விலக்கு இல்லை. அவருடைய வீட்டுக்கும், டெல்லித் தூதர் வீட்டுக்கு இருப்பதுபோன்ற பாதுகாப்பு இல்லை.

நாட்டின் பெயரில் எடுத்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு வந்துவிடும். மத்திய அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அயல்நாட்டின் மீது வழக்குப் போட முடியாது. வேடிக்கை என்னவென்றால், அயல்நாடு வீட்டுக்காரராகவும் நீங்கள் குடித்தனக்காரராகவும் இருந்தால் சம்மதம் தேவையில்லை. வீட்டுக்காரருக்குத்தான் தேவை. சம்மதம் கேட்கும் மனுவில், அந்த நாட்டின் கையில் இருக்கும் அசையாச் சொத்து பற்றிய வழக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சம்மதம் தரக்கூடிய காரணங்களில் அது ஒன்று. மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்கக் கூடாது. காத்திருக்கும் காலம் காலவரம்புக் கணக்கில் சேராது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வழக்குக்கான விலக்கையும், தீர்ப்பை நிறைவேற்றுவதற்கான விலக்கையும் அந்த நாடு விட்டுக்கொடுக்கிறது என்று. இரண்டையும் தனித்தனியாக. முதலாவதை மட்டும் எழுதினால் தீர்ப்பு கையில் இருக்கும், வீடு கையில் இருக்காது. இந்த வரிக்கு ஒப்புக்கொள்ள மறுப்பார்கள், பெரும்பாலும். அப்போது முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

கேள்வி: இத்தனை தொல்லைக்கு விலக்கையே எடுத்துவிட்டால் என்ன? டிப்ளமாட்டிக் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் எம்.பி.க்களுக்கும் இதெல்லாம் உண்டா? – வாசகர், ஈரோடு

எடுத்தால் முதலில் அடிபடுவது வலுவில்லாத நாடுகளின் தூதர்கள், அதிலும் சண்டைக்கார அரசுகளின் தலைநகரில் இருப்பவர்கள். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு 52 பேர் 444 நாள் பிணையாக இருந்தார்கள். அது விலக்கு இருந்தும் நடந்தது. பொய் வழக்குப் போடச் சட்டமே அனுமதித்தால் எந்தத் தூதரும் உண்மையைத் தன் நாட்டுக்கு எழுத மாட்டார். கோப்ரகடே கைதானபோது டெல்லி என்ன செய்தது? அமெரிக்கத் தூதரக வாசலில் இருந்த தடுப்புகளை அகற்றியது, துணைத் தூதரக அதிகாரிகளின் அடையாள அட்டைகளைத் திரும்பக் கேட்டது. நீ செய்தால் நானும் செய்வேன் என்பதுதான் இந்தச் சட்டத்தின் காவல்காரன்.

ஆனால் குடும்பத்தாருக்கும் முழுக் குற்ற விலக்கு எதற்கு என்பது எங்களுக்கும் புரியவில்லை. 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிராட்டன் விமானப்படைத் தளத்துக்கு வெளியே அமெரிக்க ஊழியரின் மனைவி தவறான பக்கத்தில் கார் ஓட்டி 19 வயது இளைஞர் இறந்தார். அந்தத் தளத்தின் ஊழியர்களுக்குக் குற்ற விலக்கு இல்லை என்று 1995-இல் ஏற்பாடு செய்தவர்கள் குடும்பத்தாரைச் சேர்க்க மறந்துபோனார்கள். ஊழியருக்கு இல்லாத விலக்கு மனைவிக்கு! 2020-இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

சில்லறை மீறல்களுக்கு உடன்படிக்கையைத் திருத்தவே வேண்டாம். 1997-க்கும் 2002-க்கும் நடுவே நியூயார்க்கில் தூதரக வண்டிகள் கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் 1,50,000-க்கும் மேல், பாக்கி 1.8 கோடி டாலர். 2002 இறுதியில், பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்குவோம் என்றார்கள். மீறல் 98 சதவீதம் சரிந்தது. யாரையும் கைது செய்யவில்லை.

எம்.பி. விஷயம்: மெரூன் அட்டைப் பாஸ்போர்ட் தரும் வசதி விசாவிலும் விமான நிலைய வரிசையிலும் மட்டும். விலக்கு பாஸ்போர்ட்டில் இல்லை, 'இவர் எங்கள் தூதுக்குழு உறுப்பினர்' என்று ஒரு நாடு தெரிவித்து மற்ற நாடு ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது. சுற்றுலா போன இடத்தில் அந்தப் பாஸ்போர்ட்டை நீட்டினால் போலீஸ்காரர் மரியாதையாகப் பேசுவார். அபராதச் சீட்டையும் மரியாதையாகவே கொடுப்பார்.